பெயர் சொல்லும் கருவி

தமிழ்நாட்டு ஊர்கள் பல மரத்தால் பெயர் பெற்றவை. ஆலும் அரசும், புளியும் வேம்பும், மருதும் நெல்லியும் ஊர்ப்பெயர்களில் நின்று, அவ்வூர் ஒரு காலத்தில் எத்தகைய நிலமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் சொல்கின்றன. கடலூர் மாவட்டத்தில் இவ்வுண்மை நன்கு விளங்கும். சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம். அம்மரம் அடர்ந்திருந்த காடே தில்லைவனம். கடலூர் நகரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர், பாதிரி மரத்தால் பெயர் பெற்றது. அங்குக் கோயில் கொண்ட இறைவன் பாடலீசுவரர் எனப்படுகிறார். பாடலம் என்பது பாதிரிக்கு வழங்கும் வடமொழிப் பெயர். விருத்தாசலம் கோயிலின் தலமரம் வன்னி. இவ்வாறு ஒரே மாவட்டத்தில் மூன்று திருத்தலங்கள் மூன்று மரங்களைத் தம் பெயரோடோ வழிபாட்டோடோ சேர்த்துப் போற்றி வருகின்றன.

இவ்வூர்ப் பெயர்களை நாள்தோறும் சொல்லும் மாணவர் பலர், அம்மரங்களைக் கண்டால் இன்னதென்று அறியார். தில்லை மரத்தை இயற்கையில் காண விரும்புவோர் இன்று சிதம்பரம் நகரை விட்டுக் கிழக்கே சென்று, பிச்சாவரத்து உப்பங்கழிகளில் தேட வேண்டும். பாதிரியைக் கோயிலில் கண்டவர் உண்டு. காட்டில் கண்டவர் சிலரே. வன்னியையோ, சாலையோரத்துச் சீமைக் கருவேலிலிருந்து பிரித்தறிய மாட்டாதார் பலர். பெயர் நாவில் நிற்கிறது. பொருள் கண்ணுக்குத் தெரியவில்லை. இக்குறையைத் தீர்க்கப் புதிய கருவி ஒன்று இக்காலத்தில் தோன்றியுள்ளது. கையடக்கமான பேசியை ஒரு செடியின் நேரே பிடித்தால், அச்செடியின் பெயர் திரையில் தோன்றும். அக்கருவி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு இயங்குகிறது, அதனை எவ்வளவு நம்பலாம் என்பவற்றை மாணவர் அறிந்துகொள்வது நலம்.

மரஞ்செடிகளை உற்று நோக்கி வகைப்படுத்தும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்து மரபியல், வயிரம் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. அப்பகுப்பின்படி, வானளாவ ஓங்கி நிற்கும் பனையும் தெங்கும் புல் இனத்தையே சாரும். தோற்றத்தின் உயரத்தால் மயங்காமல் உள்ளமைப்பை நோக்கிச் செய்த பகுப்பு இது. பனையையும் மூங்கிலையும் நெல்லையும் ஒருவித்திலைத் தாவரம் என்னும் ஓரினத்தில் அடக்கும் இக்காலத் தாவரவியலும் இதனோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை அடுக்கிக் கூறுகிறது. ஐந்து திணைகளும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனத் தாவரப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. நிலத்தை அதில் வளரும் செடியால் அடையாளம் கண்ட மக்கள், செடியை நன்கு அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

எனினும், ஒரு நாட்டார் கூறும் பெயர் மற்றொரு நாட்டார்க்கு விளங்காது. ஓர் ஊரார் கூறும் பெயரும் அடுத்த ஊரில் மாறும். இவ்விடர்ப்பாட்டை நீக்கச் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், ஒவ்வொரு தாவரத்துக்கும் இரு சொற்களாலான பெயர் வழங்கும் முறையை நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தையும், இரண்டாம் சொல் சிற்றினத்தையும் குறிக்கும். அதன்பின் அறிஞர் காடு மேடெல்லாம் அலைந்து, தாவரங்களைக் கொய்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, கொய்த இடமும் நாளும் குறித்துச் சேமித்தனர். அச்சேமிப்பிடம் உலர்தாவரச் சாலை எனப்படும். சென்னை மாகாணத்துத் தாவரங்களை விளக்கும் பெருநூலைக் கேம்பிள் என்பார் தொடங்க, பிஷர் என்பார் நிறைவு செய்தார். அந்நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967ஆம் ஆண்டு இராபினாட் உலர்தாவரச் சாலை அமைந்தது. அதனை நிறுவிய மேத்யூ அடிகளார், தமிழகச் சமவெளியின் தாவரங்களை ஆராய்ந்து 1980களில் பெருநூல் வெளியிட்டார்.

இந்நூல்கள் அறிவுக் களஞ்சியங்களே. ஆயினும், அவற்றை எடுத்த எடுப்பில் மாணவர் பயன்படுத்துதல் அரிது. இலை எதிரெதிராக அமைந்ததா, மாறி மாறி அமைந்ததா, பூவிதழ் இணைந்ததா, பிரிந்ததா என்று வினாவுக்கு மேல் வினாவாக விடை கண்டு படிப்படியாகச் செல்ல வேண்டும். ஓரிடத்தில் தவறினால் முடிவு முற்றும் தவறாகும். கலைச்சொற்களும் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் உள்ளன. கடலூருக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில், 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் இத்தடையைக் கடக்க ஒரு வழி கண்டனர். அலையாத்தி மரங்களை இனங்காணும் கணினித் தொகுப்பு ஒன்றைப் பிற அறிஞரோடு கூடி 2005ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதில் கலைச்சொல்லுக்குப் பதிலாகப் படங்கள் இருந்தன. இலை, வேர், காய் ஆகியவற்றின் படங்களுள் தாம் கண்டதை ஒத்த ஒன்றைத் தேர்ந்துகொண்டே சென்றால், கணினி மரத்தின் பெயரைக் காட்டும். நோக்குவது மனிதன் கண்ணே. தேடுவது மட்டும் கணினியின் வேலையாக இருந்தது.

நோக்கும் வேலையையும் கணினிக்கே ஒப்படைக்க இயலுமா என்று அமெரிக்க நாட்டில் சிலர் அதே காலத்தில் முயன்றனர். இம்முயற்சியில் பல்கலைக்கழக மாணவர்க்குப் பெரும்பங்கு உண்டு. அதனை விளங்கிக்கொள்ள, ‘ஆகுமெண்டட் ரியாலிட்டி’ என்னும் தொழில்நுட்பத்தை முதலில் அறிதல் வேண்டும். தமிழில் அதனை மிகை மெய்ம்மை எனலாம். எதிரே மெய்யாக நிற்கும் காட்சியின் மேல், கணினி எழுதும் எழுத்தையோ வரையும் உருவத்தையோ பொருத்திக் காட்டுவதே அது. கண்ணெதிரே உள்ள உலகை மறைத்துக் கற்பனை உலகைக் காட்டும் மெய்ந்நிகர்க் காட்சி வேறு. உள்ள உலகை மறைக்காமல், அதன்மேல் ஒரு குறிப்பு எழுதிக் காட்டும் மிகை மெய்ம்மை வேறு. ஐவான் சதர்லாந்து என்னும் அறிஞர் 1968ஆம் ஆண்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் தம் மாணவர் துணையோடு இத்தகைய கருவியை அமைத்தார். தலையில் அணிய வேண்டிய அக்கருவி மிகுந்த எடை உடையதாய் இருந்தமையால், அதனை மேற்கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியதாயிற்று.

அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவராகிய ஷான் ஒயிட் என்பவரும் பேராசிரியர் ஸ்டீவன் பைனர் என்பவரும், ஸ்மித்சோனியன் நிறுவனத்துத் தாவர அறிஞரோடு கூடி, மிகை மெய்ம்மையைத் தாவரங்களை இனங்காணப் பயன்படுத்தினர். அவர்தம் ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. வழக்கமாக ஓர் அறிஞர் காட்டில் கொய்த இலையை நகரிலுள்ள உலர்தாவரச் சாலைக்குக் கொண்டுசென்று, அங்குள்ள சான்று மாதிரிகளோடு ஒப்பிடுவார். இவர்களோ, சான்று மாதிரிகளின் படங்களைக் காட்டுக்கே கொண்டுசென்றனர். கையிலுள்ள இலையின் அருகே, கணினி தேர்ந்த மாதிரிகளின் உருவங்கள் மிதப்பன போலத் தோன்றும். ஆய்வாளர் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டுத் தாமே முடிவு செய்வார். சாலையை நோக்கி இலை சென்ற காலம் போய், இலையை நோக்கிச் சாலை வந்தது எனலாம்.

அம்முயற்சியை ஒட்டி, 2011ஆம் ஆண்டு ‘லீப்ஸ்னாப்’ என்னும் செயலி வெளிவந்தது. கொலம்பியா, மேரிலாந்து ஆகிய பல்கலைக்கழகங்களும் ஸ்மித்சோனியன் நிறுவனமும் அதனை உருவாக்கின. இலையை வெள்ளைத்தாளில் வைத்துப் படம் எடுத்தால், அதன் ஓர வடிவத்தை அளந்து மரத்தின் பெயரை அது கூறியது. பிரான்சு நாட்டு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ‘பிளாண்ட்நெட்’ என்னும் செயலி 2013ஆம் ஆண்டு மக்கள் கைக்கு வந்தது. அது பூ, காய், பட்டை ஆகியவற்றின் படங்களையும் ஏற்றுக்கொள்ளும்.

இவற்றினும் மாணவர் நினைவில் கொள்ளத் தக்கது ‘ஐநேச்சுரலிஸ்ட்’ என்பதன் வரலாறு. கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை பயின்ற மாணவர் மூவர், 2008ஆம் ஆண்டு தம் படிப்பின் இறுதித் திட்டமாக அதனைத் தொடங்கினர். கண்ட உயிரினத்தைப் படமெடுத்து, இடமும் நாளும் குறித்துப் பதிவு செய்க. அறிந்தவர் பெயர் கூறுக. மற்றவர் அதனைச் சரிபார்க்க என்பதே அவர்களது எளிய கருத்து. முதலில் பெயர் கூறியவர் மனிதரே. பல ஆண்டுகள் மக்கள் சேர்த்துப் பெயரிட்ட படங்களைக் கொண்டு கணினிக்குக் கற்பித்த பின்னரே, 2017ஆம் ஆண்டு முதல் கணினியும் பெயர் கூறத் தொடங்கியது. இன்றும் அங்கே கணினி கூறுவது ஒரு கருத்தாகவே கொள்ளப்படுகிறது. கருத்துக் கூறியோருள் மூன்றில் இரு பங்கினர்க்கு மேல் உடன்பட்ட பதிவே ஆய்வுக்குத் தக்கதாக உயர்த்தப்படுகிறது.

கணினி எவ்வாறு கற்கிறது என்பதை இனிக் காணலாம். ஒளிப்படம் என்பது கணினிக்கு எண்களின் வரிசையே. படம் நுண்ணிய புள்ளிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. தில்லை என்று பெயரிட்ட பல படங்களையும், வன்னி என்று பெயரிட்ட பல படங்களையும் கணினிக்குக் கொடுக்கும்போது, அது முதலில் மனம்போனபடி விடை கூறும். விடை தவறும்தோறும் தன்னுள் இருக்கும் கணக்கைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். இவ்வாறு பல்லாயிரம் முறை திருத்தியபின், ஒருவகை விளிம்பும் நரம்பும் நிறமும் சேர்ந்திருந்தால் இன்ன பெயர் என்று கூறும் திறன் அதற்கு வாய்க்கிறது. புதிய படத்தைக் கண்டவுடன் அது ஒரே பெயரை உறுதியாகச் சொல்வதில்லை. இப்பெயருக்கு இவ்வளவு வாய்ப்பு, அப்பெயருக்கு அவ்வளவு வாய்ப்பு என்று வரிசைப்படுத்துகிறது. வரிசையில் முதலில் நிற்பதே திரையில் பெரிதாகத் தோன்றுகிறது.

பெயரைக் கண்டபின் அதனைச் செடியின் மேலேயே நிறுத்திக் காட்டுவது மிகை மெய்ம்மையின் வேலை. பேசியைப் பிடித்த கை அசையும்; ஆயினும் எழுத்து செடியை விட்டு அகலலாகாது. பேசியினுள் இருக்கும் நுண்ணிய உணரிகள், கை எப்பக்கம் சாய்ந்தது, எவ்வளவு விரைந்து திரும்பியது என்பதை உடனுக்குடன் அளக்கின்றன. ஒளிப்படக் கண் காணும் காட்சியில் மாறாத சில புள்ளிகளையும் கணினி பற்றிக்கொள்கிறது. இவ்விரண்டையும் கூட்டி, எழுத்தைத் திரையில் எங்கே வரைய வேண்டும் என்று நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. இதற்குரிய நிரல்தொகுதிகளை ஆப்பிள், கூகுள் ஆகிய நிறுவனங்கள் 2017ஆம் ஆண்டு வெளிப்படுத்தின. ஆதலின், முன்னர்ப் பேராய்வுக்கூடத்தில் மட்டும் இயன்ற செயல், இன்று பள்ளி மாணவர் சிலர் கூடி முயலத்தக்க எளிமை பெற்றுள்ளது.

ஆயினும், கற்பித்ததையன்றிக் கருவி வேறொன்றையும் அறியாது. இவ்வுண்மையை மறந்தவர் கருவியால் ஏமாறுவர். முப்பது தாவரங்களைக் கற்ற கருவியிடம் முப்பத்தோராவது தாவரத்தைக் காட்டினால், தெரியாது என்று அது தானாகக் கூறாது. தான் அறிந்த முப்பதனுள் ஒன்றன் பெயரையே எடுத்துக் கூறும். அறியாததை அறியேன் என்று கூறுவது கற்றோர்க்கு அழகு. அவ்வழகைக் கருவிக்கும் தனியே கற்பித்தல் வேண்டும். மேலும், தில்லையின் படங்கள் யாவும் உப்பங்கழியின் நீர்ப்பரப்பைப் பின்புலமாகக் கொண்டு எடுக்கப்பட்டால், கருவி மரத்தை விட்டு நீரையே அடையாளமாகக் கற்றுக்கொள்ளக் கூடும். பின்னர் நீரருகே நிற்கும் எம்மரத்தையும் தில்லை என்றே அது கூறும். மாணவர் செய்த குறையே கருவியின் குறையாக வெளிப்படும்.

பிச்சாவரத்தை எடுத்துக்கொண்டால் இது நன்கு புலனாகும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் இடங்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் அவ்வலையாத்திக் காட்டில் தில்லையும் உண்டு, வெண்கண்டலும் உண்டு, மக்கள் சுரபுன்னை என்று வழங்கும் மரமும் உண்டு. மூன்றன் இலைகளும் தடித்துப் பசுமையாக இருத்தலால், தொலைவிலிருந்து எடுத்த படத்தில் வேறுபாடு தோன்றாது. அருகே சென்று நோக்கினால் வேறுபாடுகள் பல தெரியும். வெண்கண்டல் இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும். அவ்விலை உப்பை வெளிவிடுதலால் அதன்மேல் உப்புத்துகள் படிந்திருக்கும். அதன் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து எழுதுகோல்களைப் போல மேல்நோக்கி நிற்கும். சுரபுன்னை எனப்படும் மரத்துக்கு வளைந்து இறங்கும் தாங்குவேர்கள் உண்டு. அதன் விதை மரத்திலேயே முளைத்து நீண்டு தொங்கும். தில்லையின் இலைகளோ எதிரெதிராக அமையாமல் மாறி மாறி அமைந்திருக்கும். முதிர்ந்த இலை உதிருமுன் சிவக்கும். கிள்ளினால் வெண்ணிறப் பால் வடியும். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. இவ்வேறுபாடுகளுட் பல, இலை ஒன்றை மட்டும் எடுத்த படத்தில் அகப்படா.

வன்னிக்கும் சீமைக் கருவேலுக்கும் உள்ள ஒப்புமை இன்னும் நுட்பமானது. சீமைக் கருவேல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று தமிழகமெங்கும் பரவி மற்றச் செடிகளை நெருக்குவதால், அதனை அகற்றும் பணி பல இடங்களில் நடைபெறுகிறது. வன்னியோ இந்நாட்டுக்கே உரிய மரம். இரண்டிற்கும் சிறு சிறு இலைகளும் கதிர்போன்ற பூங்கொத்தும் முள்ளும் உண்டு. ஆனால் சீமைக் கருவேலின் முட்கள் பெரும்பாலும் இலை தோன்றும் கணுவில் இணையாக நிற்கும். வன்னியின் முட்கள் கணுக்களுக்கு இடையே ஆங்காங்குச் சிதறி, அடி பருத்து நுனி கூர்ந்து காணப்படும். வன்னிக்காய் மெலிந்து உருண்டிருக்கும். மற்றதன் காய் தட்டையாகவும் தடித்தும் இருக்கும். இவ்வேறுபாட்டை அறியாதவன் அரிவாளோடு புறப்பட்டால், களை என்று எண்ணி நாட்டு மரத்தையே வெட்டி வீழ்த்துவான். பெயர் பிழைத்தால் மரம் பிழைக்காது.

சில இடங்களில் பெயர்ப் பிழை மனிதர்க்கே தீங்காய் முடியும். தில்லைப்பால் தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும். கண்ணில் பட்டால் பார்வை சில காலம் மறைதலும் உண்டு. அதன் பேரினப் பெயராகிய எக்ஸ்கோகேரியா என்பதும் குருடாக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள் காண்பதற்கு எழில் மிக்கது. கண்வலிக் கிழங்கு எனப்படும் அதன் கிழங்கோ கொல்ச்சிசின் என்னும் கொடிய நச்சுப்பொருளை உடையது. உண்ணத்தக்க கிழங்கென மயங்கி அதனை உண்டு உயிரிழந்தோர் இலங்கையில் உண்டு. ஆதலின், ஒரு செயலி கூறிய பெயரை மட்டும் நம்பி எச்செடியையும் உண்ணுதலும் மருந்தாகக் கொள்ளுதலும் கூடா. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு என்று கருவி கூறும்போது, எஞ்சிய ஐந்தில் ஓர் உயிர் அடங்கியிருக்கலாம்.

பெயர்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பிச்சாவரத்து மக்கள் தாங்குவேர் உடைய மரத்தைச் சுரபுன்னை என்கின்றனர். அகராதிகளோ அப்பெயரை உள்நாட்டுக் காட்டில் வளரும் வேறொரு மரத்துக்கு வழங்குகின்றன. செங்காந்தளுக்குக் கார்த்திகைப்பூ, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. ஒரு பெயர் இரு மரத்தைச் சுட்டுதலும், ஒரு செடி பல பெயர் பெறுதலும் வாழும் மொழிக்கு இயல்பு. அறிவியற்பெயர் இக்குழப்பத்தைத் தீர்க்கும். பிச்சாவரத்துச் சுரபுன்னை ரைசோபோரா என்னும் பேரினத்தைச் சார்ந்தது. அச்சொல்லுக்கு வேர்தாங்கி என்று பொருள். வெண்கண்டல் அவிசென்னியா மெரினா எனப்படும். அது இபின் சீனா என்னும் பாரசீக மருத்துவ அறிஞரின் நினைவாக அமைந்த பெயர். எனினும், அறிவியற்பெயர் வந்தது என்று ஊர்ப்பெயரைத் தள்ளிவிடலாகாது. மீனவரும் உழவரும் வழங்கும் பெயரில் பயனும் பருவமும் பட்டறிவும் பொதிந்திருக்கின்றன. உலகளாவிய செயலிகளில் இப்பெயர்கள் போதிய அளவு இடம் பெறவில்லை. அவற்றைச் சேர்க்க வல்லவர் அவ்வவ்வூரில் வாழ்வோரே.

ஆகவே, கடலூர், சிதம்பரம் ஆகிய இடங்களில் பயிலும் மாணவர் தம் ஊர்த் தாவரங்களுக்கென ஒரு செயலி அமைக்க முயன்றால், அவர்கள் முதலில் தொட வேண்டியது கணினியை அன்று. குறிப்பேட்டையே தொட வேண்டும். பள்ளி வளாகம், கோயில் நந்தவனம், ஏரிக்கரை போன்ற சிறியதோர் எல்லையை வரையறுத்துக்கொண்டு, அதனுள் நன்கு அறியத்தக்க இருபது முப்பது தாவரங்களைத் தேர்ந்தெடுத்தல் போதும். ஒவ்வொன்றையும் முழு உருவம், இலையின் மேற்புறம், அடிப்புறம், இலை அமைந்த முறை, பூ, காய், பட்டை எனப் பல கூறாகப் படம் எடுத்தல் வேண்டும். காலையிலும் மாலையிலும், வெயிலிலும் மழைக்காலத்திலும், வெவ்வேறிடத்து வெவ்வேறு மரங்களிலும் எடுத்தல் வேண்டும். பாதிரி வேனிலில் பூக்கும். மற்றக் காலத்தில் அதன் பூவைத் தேடினால் கிடைக்காது. ஆதலின், ஓர் ஆண்டின் சுழற்சி முழுவதும் பொறுமையோடு தொடர்தல் இன்றியமையாதது.

அடுத்து, படத்துக்கு இட்ட பெயர் சரியா என்பதைத் தாவரவியல் கற்றோரிடம் காட்டித் தெளிதல் வேண்டும். இதற்கு இம்மாவட்டத்தில் வாய்ப்புக் குறைவில்லை. 1929ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலேயே உள்ளது. பரங்கிப்பேட்டையில் உள்ள அதன் கடல்வாழ் உயிரியல் மையம் அலையாத்திக் காடுகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. அதன்பின், சேர்த்த படங்களுள் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்து, மற்றவற்றை மட்டும் கருவிக்குக் கற்பித்தல் வேண்டும். எடுத்து வைத்த படங்களைக் காட்டி, அது எத்தனைக்குச் சரியாக விடை கூறுகிறது என்று சோதித்தல் வேண்டும். கற்பித்த மரத்தின் படத்தையே சோதனைக்கும் வைப்பது, தேர்வுக்கு முன் வினாத்தாளைக் காட்டிவிடுவதை ஒக்கும். கருவி எச்செடியில் மிகுதியாகத் தவறுகிறது என்று பட்டியலிட்டால், இன்னும் எதனைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்பதை அப்பட்டியலே கற்பித்துவிடும்.

இப்பணியில் ஒழுங்கும் வேண்டும். படத்துக்காகக் கிளையை ஒடித்தலும், அரிய செடியை வேரோடு பறித்தலும் தகா. அரிய தாவரம் நிற்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிட்டால், அதனைக் கவர்ந்து செல்வோர்க்கு வழி காட்டியதாக முடியும். ஐநேச்சுரலிஸ்ட் அமைப்பும் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தைத் தெளிவாகக் காட்டாமல் மறைத்தே வெளியிடுகிறது. உப்பங்கழிக்கும் காட்டுக்கும் ஆசிரியரும் அவ்விடம் அறிந்தோரும் உடன்வர, உரிய இசைவு பெற்றே செல்லுதல் வேண்டும்.

இவ்வளவு உழைப்பும் எதன்பொருட்டு என்று சிலர் வினவலாம். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கியது. அலையாத்திக் காடும் மரக்கூட்டமும் அடர்ந்த இடங்களுக்குப் பின்னே இருந்த சிற்றூர்கள் குறைந்த அழிவையே கண்டன என்று, மறு ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு கூறிற்று. காடு ஒன்றே காத்ததா, நிலத்தின் உயரமும் துணை செய்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், அலைக்கும் ஊருக்கும் இடையே நின்ற மரங்களின் அருமையை மக்கள் அன்று உணர்ந்தனர். 2011ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் பெருவாரியாகச் சாய்த்தது. பல தலைமுறை கண்ட மரங்கள் ஒரே நாளில் வீழ்ந்தன. எவ்வூரில் எம்மரம் நின்றது என்னும் குறிப்பு இருந்தாலன்றி, இழந்தது எது என்பதையும் அறிய முடியாது; மீண்டும் எதனை நடுவது என்பதையும் துணிய முடியாது.

மரங்களைப் போலவே அவற்றை அறிந்த முதியோரும் நிலையாக இருப்பவர் அல்லர். எச்செடியை ஆடு தின்னாது, எம்மரம் உப்பு நீரைத் தாங்கும், எவ்வேர் எக்காலத்தில் மருந்தாகும் என்பன அவர்தம் நினைவிலேயே தங்கியுள்ளன. ஒரு செயலி அமைக்கப் புகும் மாணவன் அம்முதியோரிடம் சென்று கேட்கிறான், கேட்டதை மரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான், பார்த்ததை எழுதுகிறான், எழுதியதைக் கற்றோரிடம் காட்டித் திருத்துகிறான். இறுதியில் அவனது கருவி சிறப்பாக இயங்கலாம், இயங்காமலும் போகலாம். சில ஆண்டுகளில் அதனினும் மேம்பட்ட கருவி வந்து அதனைப் பழமையாக்கவும் கூடும். ஆனால், அவ்வோராண்டில் அவன் கண் பெற்ற பயிற்சியும், ஊரார் பெயரும் அறிஞர் பெயரும் சேர்ந்து நிற்கும் அவனது குறிப்பேடும் பழமையாகா.

கருவிக்குப் பெயரைக் கற்பிக்கும் ஆசிரியன் மாணவனே. ஆசிரியன் அறியாததை மாணாக்கன் அறியமாட்டான் என்பது இங்கும் பொருந்தும். தில்லையில் வாழ்வோர் தில்லையையும், பாதிரிப்புலியூரில் வாழ்வோர் பாதிரியையும், விருத்தாசலத்தில் வாழ்வோர் வன்னியையும் தம் கண்ணால் கண்டு தெளிவாராக. அதன்பின் அவர்கள் கையிலுள்ள கருவி பெயரைச் சரியாகச் சொல்லும். பிழையாகச் சொன்னால், அதனைத் திருத்தும் அறிவும் அவர்களிடம் இருக்கும்.